தையல்காரருக்கு ஏன் வாளி? தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் தேர்தல் ஆணையர்களுக்கும்,
நிர்வாசன் சதன், அசோகா சாலை, புதுதில்லி.

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர், சேலம் மாவட்டத்துக்காரன். 1989 ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் தொடங்கி, ஓய்வுபெறும் வரை ஒரு தேர்தலும் தப்பாமல் தேர்தல் பணி பார்த்திருக்கிறேன். வாக்காளர் விரலில் மை வைத்திருக்கிறேன். பெட்டிக்கு அரக்கு வைத்திருக்கிறேன். முந்தைய இரவு வகுப்பறைப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கொசுக்கடியில் படுத்திருக்கிறேன். பெட்டி போய் இயந்திரம் வந்தபோது, அதைப் பார்த்து முதலில் பயந்தவர்களில் நானும் ஒருவன். இதையெல்லாம் சலுகை கேட்பதற்காகச் சொல்லவில்லை. நான் எழுதப்போவது வாக்குச்சாவடிக்கு உள்ளே இருந்து பார்த்தவன் எழுதுவது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

2011 மே 13. பக்கத்துத் தொகுதியின் வாக்கு எண்ணிக்கைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். ஒரு பொறியியல் கல்லூரியின் பெரிய கூடம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முகவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். கட்டுப்பாட்டு இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினால் வேட்பாளரின் வரிசை எண்ணும் அவர் பெற்ற வாக்கும் ஒவ்வொன்றாக வந்து போகும். ஒன்றாம் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் முகவர்கள் எட்டிப் பார்த்து எழுதுவார்கள். பட்டியலின் அடிப்பகுதிக்கு வந்ததும் பேனாக்கள் சட்டைப் பைக்குள் போய்விடும். தண்ணீர் குடிப்பார்கள், கழுத்தைச் சொடுக்குவார்கள். சுயேச்சைகளின் பெயரில் முகவர் அட்டை வாங்கி உட்கார்ந்திருந்தவர்களும் பெரிய கட்சிகளின் எண்ணிக்கையைத்தான் குறித்துக்கொண்டிருந்தார்கள். அது ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பிறகு பேசுவோம்.

ஒரே ஒருவர் மட்டும் கடைசி எண்கள் வரும் வரை பேனாவை மூடவில்லை. வேட்பாளரே தனக்கு முகவராக வந்திருந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் தையல்காரர்கள் போடும் அளவு நாடா இல்லாததுதான் குறை. விரல்களைப் பார்த்தாலே தொழில் தெரிந்தது. மாலையில் எல்லாம் முடிந்து நான் வெளியே டீக்கடையில் நின்றபோது தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

“சார், ஏழாவது சுற்றில் உங்கள் மேசையில் எனக்கு நான்கு ஓட்டு விழுந்தது. அது எந்த பூத்?”

வாக்குச்சாவடி வாரியான கணக்கு எப்படியும் வேட்பாளருக்குக் கிடைக்கக்கூடியதுதான். எண்ணைச் சொன்னேன். பட்டியலைப் பிரித்து ஊரைக் கண்டுபிடித்தார். முகம் மாறியது.

“அந்த ஊருக்கு நான் போனதே இல்லையே, சார்.”

அடுத்த வாரமே அந்த ஊருக்குப் போனாராம். யார் போட்டது என்று கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஊர்ப் பொதுக்கிணற்றடியில் நின்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியதாகப் பின்னாளில் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் அவளுடைய சொந்த ஊருக்குக் குடிபோனோம். அது அந்தத் தையல்காரரின் தொகுதி. அப்படித்தான் பழக்கம் வளர்ந்தது. அவருடைய பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அவர் கேட்டு நான் இதை எழுதவில்லை.

2001, 2006, 2011, 2016, 2021. ஐந்து முறை, ஒரே சட்டமன்றத் தொகுதி. ஐந்து முறையும் சுயேச்சை, ஐந்து முறையும் டெபாசிட் போயிற்று. ஆயிரம் ஓட்டை ஒரு தடவையும் தொட்டதில்லை. அவர் கேட்பது ஓடையின் மேல் ஒரு பாலம். இப்போது இருப்பது தரைப்பாலம். மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேலே ஏறிப் போகும், மூன்று கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாது. மனு எழுதி எழுதி ஓய்ந்த பிறகு, வேட்புமனு எழுதத் தொடங்கினார். வேறு பெரிய கொள்கை எதுவும் அவரிடம் இல்லை.

இனி அவருடைய சின்னங்களைக் கேளுங்கள். 2001-இல் பலூன். 2006-இல் ஏணி. 2011-இல் தையல் இயந்திரம். 2016-இல் கேஸ் சிலிண்டர். 2021-இல் வாளி.

இந்த ஐந்தில் 2011-இல்தான் அவருக்கு அதிக ஓட்டு. காரணத்தை விளக்க ஓர் ஆராய்ச்சி தேவையில்லை. தையல்காரர் தையல் இயந்திரத்தில் நிற்கிறார். துண்டுப் பிரசுரமே வேண்டாம். பாவாடை தைக்கக் கொடுத்த ஒவ்வொரு பெண்ணின் மனத்திலும் அது தானாகப் பதிந்துவிட்டது. அந்தத் தேர்தல் முடிந்ததும் மகிழ்ச்சியில் தன் கடைப் பலகையில் ஒரு தையல் இயந்திரத்தைப் பெரிதாக வரையவும் செய்தார். இனி இதுதான் நம் சின்னம் என்று நினைத்துவிட்டார், பாவம்.

2016-இல் மனுவில் மூன்று விருப்பங்களை எழுதும் இடத்தில் முதல் விருப்பமாகத் தையல் இயந்திரத்தையே எழுதினார். இன்னொரு சுயேச்சையும் அதையே எழுதியிருந்தார். விதிப்படி குலுக்கல். சீட்டு மற்றவருக்கு விழுந்தது. அந்த மற்றவர் தொகுதிக்குள் ஒரு நாள்கூட ஓட்டுக் கேட்டு வரவில்லை. ஆனால் நம் தையல்காரர் தன் கடைப் பலகையிலிருந்த படத்தின் மேல் தானே செய்தித்தாளை ஒட்டி மறைத்தார். தன் கடை வாசலில் இன்னொருவருடைய சின்னம் தொங்குவது முறையல்லவே! 2021-இல் பதிவுபெற்ற ஒரு கட்சியின் வேட்பாளர் அதே சின்னத்தைக் கேட்டதால் குலுக்கல்கூட நடக்கவில்லை. கட்சிக்காரருக்கு முன்னுரிமை என்று விதி சொல்கிறது. தையல்காரருக்கு வாளி கிடைத்தது.

யாரும் விதியை மீறவில்லை. அலுவலர்கள் அத்தனை பேரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். விதியே அப்படி இருப்பதுதான் என் முறையீடு.

ஐயா, சின்னம் என்பது நம் நாட்டில் அலங்காரத்துக்கு வந்ததில்லை. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் மனத்திலிருப்பவரை அடையாளம் காண வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. எழுத்தறிவு இன்று பெருகிவிட்டது, 2015-இலிருந்து வேட்பாளரின் படத்தையும் போடுகிறீர்கள். ஆனாலும் ஓட்டுக் கேட்பவர் வாயில் பெயருக்கு முன்னால் சின்னம்தான் வருகிறது. இந்த மாநிலத்தில் உதயசூரியனும் இரட்டை இலையும் என்ன என்று கேட்டால் பால்வாடிக் குழந்தை பதில் சொல்லும். அவற்றின் மேல் பல பத்தாண்டுப் பழக்கம் படிந்திருக்கிறது.

சுயேச்சைக்கு எத்தனை நாள்? 2021 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். மனுவைத் திரும்பப் பெற மார்ச் 22 கடைசி நாள். அதற்குப் பிறகே சின்னம் ஒதுக்கப்படும். ஏப்ரல் 4-ஆம் தேதி மாலையோடு பிரச்சாரம் ஓய்ந்தது. நடுவில் பதின்மூன்று நாள். வாளிப் படத்தை அச்சுக்குக் கொடுத்து வாங்கவே இரண்டு நாள் போய்விட்டது. மீதி நாளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களிடம், “நான்தான் போன முறை சிலிண்டர், அதற்கு முன்னால் தையல் மெஷின், இப்போது வாளி” என்று விளக்க வேண்டும். கேட்பவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

இது தையல்காரர் ஒருவரின் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். கட்சி நடத்துபவர்களே இதில் அடிபட்டிருக்கிறார்கள். விடுதலைச் சிறுத்தைகள் கட்சி 2011-இல் மெழுகுவர்த்தியில் நின்றது, 2016-இல் மோதிரத்தில் நின்றது, 2019-இல் தொல். திருமாவளவன் சிதம்பரத்தில் பானையில் நின்றார். மோதிரத்தில் நின்ற 2016-இல் காட்டுமன்னார்கோயிலில் அவர் தோற்றது 87 ஓட்டில். நாம் தமிழர் கட்சி ஊர் ஊராகப் பழக்கிய கரும்பு விவசாயி 2024-இல் முந்தி விண்ணப்பித்த வேறொரு கட்சிக்குப் போக, அவர்கள் ஒலிவாங்கியோடு புறப்பட வேண்டியிருந்தது. அதே தேர்தலில் ம.தி.மு.க.வுக்குப் பம்பரம் கிடைக்காமல் திருச்சியில் தீப்பெட்டி கிடைத்தது. இவர்களுக்கு நீதிமன்றம் போக வழக்கறிஞர் உண்டு; ஒரே இரவில் மாநிலம் முழுவதும் புதுச் சின்னத்தைக் கொண்டுசேர்க்கத் தொண்டர் உண்டு. ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் தொப்பியோடு நின்ற டி.டி.வி. தினகரன், அந்தத் தேர்தல் பணப்பட்டுவாடாப் புகாரில் ரத்தாகி டிசம்பரில் மீண்டும் நடந்தபோது பிரஷர் குக்கரோடு சுயேச்சையாக நின்று ஜெயித்தே விட்டார். எட்டே மாதத்தில் தொப்பியைக் குக்கராக மாற்றிக் காட்ட அவரால் முடிந்தது. தையல் கடைக்காரரால் முடியுமா?

உங்களுடைய 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையை நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்தேன். (தலைமையாசிரியர் புத்தி, சுற்றறிக்கையைக் கடைசி வரி வரை படித்தே பழக்கம்.) ஒரு சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால், அவர்களில் ஒருவர் அந்தத் தேர்தலுக்குச் சற்று முன்புவரை மக்களவை அல்லது சட்டமன்ற உறுப்பினராக இருந்திருந்தால் அவருக்கே கொடுக்க வேண்டும் என்று 12-ஆம் பத்தி சொல்கிறது. அங்கீகாரத்தை இழந்த கட்சி ஆறாண்டுகள் வரை தன் பழைய சின்னத்தைக் கேட்டுப் பெறவும் அதே ஆணையில் வழி இருக்கிறது. ஆக, முன்பு நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ள ஆணையம் மறுக்கவில்லை. ஜெயித்தவரை நினைவில் வைக்கிறது. ஒரு காலத்தில் பெரிதாக இருந்த கட்சியை நினைவில் வைக்கிறது. தோற்றுத் தோற்று மறுபடியும் அதே வாசலில் வந்து நிற்பவரை மட்டும் ஒவ்வொரு முறையும், “யார் நீ?” என்று புதிதாகக் கேட்கிறது.

நான் கேட்பது அந்த 12-ஆம் பத்தியில் இன்னும் ஒரே ஒரு வரி. கடந்த பொதுத் தேர்தலில் அதே தொகுதியில் போட்டியிட்டு, செலவுக் கணக்கைக் காலத்தில் ஒப்படைத்து, தகுதி நீக்கம் எதுவும் இல்லாத சுயேச்சை வேட்பாளர், சென்ற முறை தான் நின்ற சின்னத்தைக் கேட்டால் அவருக்கு முதல் உரிமை. அந்தத் தொகுதியில் மட்டும். ஒரு தேர்தலில் நிற்காமல் விட்டால் உரிமை போயிற்று. இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டாம். இது உங்கள் ஆணை, உங்கள் பேனா. நீங்கள் நினைத்தால் ஒரு பிற்பகலில் முடியும்.

“தீவிரமில்லாத வேட்பாளர்களுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று அங்கே யாராவது கேட்பார்கள் என்று தெரியும். அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பகை.

எங்கள் மாவட்டத்து மேட்டூரில் கே. பத்மராஜன் இருக்கிறார். டயர் கடைக்காரர். 1988-இல் மேட்டூர் சட்டமன்றத் தொகுதிக்கு மனு போட்டதில் தொடங்கியவர். 1991-இல் ஆந்திரத்தின் நந்தியாலில் பிரதமர் நரசிம்ம ராவை எதிர்த்து மனு போட்டார். வாஜ்பாய், மன்மோகன் சிங், நரேந்திர மோடி, ராகுல் காந்தி என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. குடியரசுத் தலைவர் தேர்தல் முதல் உள்ளாட்சி வரை இருநூறு முறைக்கு மேல் ஆகிவிட்டது. ‘தேர்தல் மன்னன்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல் மனு போட அவர் வரும் படம் தவறாமல் வெளியாகும். லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம் பிடித்தார். வெற்றி தன் நோக்கமில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சொல்லப்போனால், எனக்கு அவர்மேல் சிறு வருத்தம் உண்டு. அவருடைய புகழில் மற்ற எல்லாச் சுயேச்சைகளும் வேடிக்கைக்காரர்களாகிவிட்டார்கள். தையல்காரர் மனு போடப் போனாலும், “சாதனைக்கா?” என்று கேட்கிறார்கள்.

ஆனால் அந்தப் பத்மராஜனுக்கே 2011-இல் மேட்டூர் சட்டமன்றத் தொகுதியில் 6,273 ஓட்டு விழுந்தது. தோற்கவே நிற்பதாகச் சொல்லும் ஒருவருக்கு ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வரிசையில் நின்று போட்டிருக்கிறார்கள். மேட்டூர் அணையின் மடியில் இருப்பவர்கள், விவரம் தெரியாதவர்கள் இல்லை. நிற்பவர் தீவிரமில்லாமல் நின்றாலும் போடுபவர் தீவிரமாகப் போடலாம் என்பதை அந்த எண்ணிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

1996 மொடக்குறிச்சியும் அப்படித்தான். அரசு தங்கள் கோரிக்கைகளைக் கண்டுகொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனு போட்டதில், ஒரே சட்டமன்றத் தொகுதிக்கு 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டிவந்தது; வாக்குப்பதிவையே ஒரு மாதம் தள்ளிவைத்தீர்கள். சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். 88 பேருக்கு ஓர் ஓட்டும் விழவில்லை. தன் ஓட்டுகூடவா என்று சிரித்தவர்களுக்கு, சட்டமன்றத்துக்கு நிற்பவர் அதே தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை, மாநிலத்தில் எங்கிருந்தாலும் போதும் என்ற விதி தெரிந்திருக்காது. நான் அப்போது இதைச் சொல்லிச் சொல்லி ஆசிரியர் அறையில் பெயர் கெடுத்துக்கொண்டேன்.

அதே ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் கதவுகள் வரிசையாக மூடின. சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பிறகு 2010-இல் 10,000. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர். பிரச்சாரத்துக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச அவகாசம் 20 நாளிலிருந்து 14 ஆகச் சுருங்கியதும் அதே திருத்தத்தில்தான். பத்துப் பேரின் கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்த பத்துப் பேரில் இரண்டு பேர் அது தங்கள் கையெழுத்தில்லை என்று சொன்னதால் நிராகரிக்கப்பட்டது. மாநிலமே அறிந்த நடிகருக்கு அந்த நிலை.

இவ்வளவுக்குப் பிறகும் 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் மஞ்சளும் சோளமும் விளைவிக்கும் விவசாயிகள். மஞ்சள் வாரியமும் கட்டுப்படியான விலையும் கேட்டார்கள். பன்னிரண்டு வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாகப் பரப்பித் தேர்தலை நடத்திக்காட்டினீர்கள். அதற்கு என் வணக்கம். அந்த மாநில முதலமைச்சரின் மகளான, அப்போது பதவியிலிருந்த உறுப்பினர் அங்கே தோற்றார். தேசிய மஞ்சள் வாரியம் 2023-இல் அறிவிக்கப்பட்டது, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்திலேயே தொடங்கப்பட்டது. அந்த 185 மனுக்கள் மட்டுமே வாரியத்தைக் கொண்டுவந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை விளையாட்டு என்று இன்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில், சுயேச்சைகள் போட்டியிடுவதையே தடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. அதை எழுதியவர்கள் எங்கள் சட்டமன்றத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. 1952-இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 62 சுயேச்சைகள் வென்றார்கள். 1957-இல் தி.மு.க.வுக்கு அங்கீகாரம் இல்லை. காஞ்சிபுரத்தில் அண்ணாவும் குளித்தலையில் கருணாநிதியும் உங்கள் பதிவேட்டின்படி சுயேச்சைகள். பத்தாண்டு கழித்து அந்தச் சுயேச்சைகள்தான் கோட்டைக்குள் போனார்கள்.

தோல்வியையும் இரண்டு படியால் அளக்கிறோம். கேரளத்தில் ஓ. ராஜகோபால் பல பத்தாண்டுகள் தேர்தலில் நின்று தோற்று, 86 வயதில் 2016-இல் நேமத்தில் வென்று அந்த மாநிலத்தின் முதல் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினரானார். விடாமுயற்சி என்று எல்லோரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். நாம் தமிழர் கட்சி 2016-இல் நின்ற இடமெல்லாம் டெபாசிட் இழந்தது. 2024-இல் எட்டு விழுக்காட்டைத் தாண்டி மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது. அந்தக் கட்சியின் பேச்சில் பாதி எனக்கு ஒப்பாது, ஆனாலும் அது உழைத்துப் பெற்றது. கொடிக்குக் கீழே நின்று தோற்றால் விடாமுயற்சி. தையல் கடைக்குக் கீழே நின்று தோற்றால் விளம்பரப் பைத்தியம்.

இராதாபுரத்தையும் சொல்லிவிடுகிறேன், அது என் சாதிக்காரர்களின் கதை, அதாவது ஆசிரியர்களின் கதை. மு. அப்பாவு அங்கே 1996-இல் தமிழ் மாநில காங்கிரஸில் வென்றார், 2001-இல் சுயேச்சையாகவே வென்றார், 2006-இல் தி.மு.க.வில் வென்றார். 2016-இல் 49 ஓட்டில் தோற்றார். தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்கள் போட்ட 203 தபால் ஓட்டுகள், தலைமையாசிரியர் சான்றொப்பம் இட்டது செல்லாது என்று தள்ளப்பட்டதே வழக்கு. மறுபடியும் எண்ண 2019-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஐந்தாண்டு ஓடிவிட்டது. 2021-இல் மறுபடி நின்று வென்று பேரவைத் தலைவரானார். என்னைப் போன்ற ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்து செல்லுமா செல்லாதா என்பதில் ஒரு தொகுதி ஐந்தாண்டு தொங்கியது. ஓட்டு நான்குதானே, நாற்பதுதானே என்று நான் இனிமேல் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த முகவர் அட்டை விவகாரம். வாக்குச்சீட்டை நீளமாக்குவது தையல்காரர்கள் இல்லை. பெரிய கட்சிகள் நிறுத்தும் டம்மி வேட்பாளர்கள்தான். ஒரு டம்மிக்குப் பத்தாயிரம் கட்டினால் வாக்குச்சாவடியிலும் எண்ணும் இடத்திலும் ஓர் ஆள் கூடுதலாக உட்காரலாம், வாகன அனுமதி கிடைக்கும். அதைவிட மோசம், எதிராளியின் பெயரிலேயே ஆள் தேடி நிறுத்துவது. காட்டுமன்னார்கோயிலில் 87 ஓட்டில் முடிவு மாறிய அதே 2016 தேர்தலில், திருமாவளவன் என்ற பெயரிலேயே நின்ற இன்னொருவருக்கு 289 ஓட்டு விழுந்தது. 2024-இல் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழத்தோடு சுயேச்சையாக நின்றபோது, தலைப்பெழுத்து வரை பொருந்திய பல பன்னீர்செல்வங்கள் கூட நின்றார்கள். பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைத் தடுக்க முடியுமா என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு கேட்டது. முடியாதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டம்மி ஒரு தேர்தலோடு காணாமல் போவார். அடுத்த ஐந்தாண்டில் அவரை அந்தத் தொகுதிப் பக்கம் பார்க்க முடியாது. யார் உண்மையில் நிற்கிறார், யார் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்று பிரித்துப் பார்க்க உங்கள் கையில் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருக்கிறது: திரும்பி வந்தாரா, கணக்குக் கொடுத்தாரா? டெபாசிட்டை உயர்த்தினால் டம்மி நிற்காமல் போக மாட்டார். அவருக்குப் பணம் கட்டுபவர் வேறு. தையல்காரர் நின்றுபோவார். பத்தாயிரம் என்பது அவர் தைக்கும் எத்தனை இரவிக்கை என்று அவருடைய மனைவியிடம் கேட்டால் விரல்விட்டுச் சொல்வார். கேட்டும் இருக்கிறேன், அந்தப் பதிலை இங்கே எழுதினால் தேர்தல் நடத்தை விதிகளுக்கு முரணாகும்.

டெபாசிட் விஷயம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. பதிவான செல்லுபடியாகும் வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திருப்பித் தருவீர்கள். ஒன்றரை இலட்சம் வாக்கு பதிவான தொகுதியில் அதற்கு இருபத்தைந்தாயிரம் ஓட்டு வேண்டும். கணக்கை ஒழுங்காக ஒப்படைத்த சுயேச்சைக்குப் பாதியாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று நீங்கள் பரிந்துரைத்தால் நல்லது. வற்புறுத்தவில்லை. என் கோரிக்கை சின்னம் ஒன்றுதான். தொகுதி மறுவரையறையில் எல்லைகள் மாறினால் என்ன செய்வது, பதிவுபெற்ற கட்சி ஒன்று அதே சின்னத்தை மாநிலம் முழுவதற்கும் பொதுச் சின்னமாகக் கேட்டால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் விதி எழுத உங்களிடம் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இதை முடிக்கக் கூடாது. நான் இப்போது நடுநிலையாளன் இல்லை. அரசுப் பணியில் இருந்தவரை எந்த வேட்பாளருக்கும் முன்மொழியக் கூடாது. இப்போது அந்தத் தடை இல்லை, வாக்காளர் பட்டியலில் என் பெயரும் இந்தத் தொகுதிக்கு மாறிவிட்டது. சென்ற மாதம் தையல்காரர் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி தடித்திருக்கிறது; ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம். ஆறாவது முறை நிற்கப் போகிறார். ஒன்பது பேர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், பத்தாவது ஆள் கிடைக்கவில்லை என்று, காபி ஆறும் வரை சுற்றி வளைத்துச் சொன்னார்.

என் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைப் பலகையில் அவர் 2016-இல் ஒட்டிய செய்தித்தாள் மழையில் கரைந்து, தையல் இயந்திரத்தின் சக்கரம் மட்டும் மறுபடி வெளியே தெரிகிறது. அதைப் புதிதாக வண்ணம் அடித்துவிடலாமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா என்று கேட்டார். பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பதில் வந்ததும் சொல்வதாகவும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
சேலம் மாவட்டம்.